அம்பாசிடரின் பின்பக்கப் பட்டைகளை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

பின்சீட்டில் மூன்று பேர் ஏறியதும் வண்டி வாலைத் தரையில் வைத்துவிடுகிறது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் பலர் இதை வண்டியின் வயோதிகம் என்று எடுத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வயோதிகம்தான், ஆனால் வண்டிக்கு அல்ல, அதன் பின்பக்கப் பட்டைகளுக்கு, அதாவது லீஃப் ஸ்பிரிங்குகளுக்கு. அவற்றை மாற்றலாம், அதுவும் வீட்டு வாசலிலேயே. பொறுமையும், உறுதியான ஸ்டாண்டுகளும், கூடவே ஓர் ஆளும் இருந்தால் போதும்.

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை செய்யப்பட்ட வண்டி இது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்தது. எஞ்சின் மாறியது, கிரில் மாறியது, டாஷ்போர்டு மாறியது; பின் ஆக்சிலை இரண்டு பட்டைக் கட்டுகளின் மேல் உட்காரவைக்கும் முறை மட்டும் மாறவில்லை. ஆகவே இங்கே சொல்வது பழைய மார்க் 2-க்கும் பிந்தைய வண்டிகளுக்கும் பொருந்தும். முன்பக்கம் முற்றிலும் வேறு: அங்கே முறுக்குத் தண்டு (டார்ஷன் பார்). அதை இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு தொடாதீர்கள்.

கழற்றுவதற்கு முன் பட்டை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. நீளமான மெயின் பட்டையின் இரண்டு முனைகளும் சுருண்டு 'கண்' ஆகியிருக்கும். முன் கண் பாடியோடு ஒரே இடத்தில் போல்ட் போட்டு நிறுத்தப்பட்டிருக்கும். பின் கண் ஷாக்கிள் என்ற இரட்டைத் தகட்டில் தொங்கும். பாரம் ஏறும்போது வளைவு தட்டையாகி, பட்டையின் நீளம் கூடுகிறது. அந்தக் கூடுதல் நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷாக்கிள் முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. பாரத்தைத் தாங்குவது மட்டுமல்ல, ஆக்சிலைத் தன் இடத்தில் பிடித்துவைப்பதும் இந்தப் பட்டைகள்தான். சக்கரம் தள்ளும் விசை முன் கண் வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. அதனால் முன் கண் போல்ட்டையும் அது நிற்கும் இரும்பையும் பற்றிக் கீழே கொஞ்சம் கூடுதலாகவே பேசப்போகிறேன்.

மாற்ற வேண்டியதுதானா?

சமதரையில், வண்டியில் யாரும் இல்லாதபோது, பின்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவு தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கப் பட்டை தளர்ந்திருக்கிறது, அல்லது உள்ளே ஒன்று ஒடிந்திருக்கிறது. பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் குனிந்து பாருங்கள். பட்டைகளுக்கு நடுவே செம்பொடி கசிந்திருந்தால் அங்கே இரும்பு இரும்போடு காய்ந்துபோய் உரசுகிறது என்று பொருள். சிறிய பட்டையின் முனை, அதற்கு மேலே இருக்கும் பட்டையின் அடியில் குழி தோண்டியிருக்கும். விரல் நகத்தை வைத்து இழுத்தால் படிக்கட்டு மாதிரி தட்டும். அந்தக் குழியில்தான் ஒருநாள் பட்டை ஒடியும்.

எல்லாச் சத்தமும் பட்டையின் சத்தம் அல்ல. பட்டை நேராக, உயரம் சரியாக இருந்து 'டொக்' மட்டும் கேட்டால், முதலில் கண்களுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்களையும் ஷாக் அப்சார்பர் லிங்கையும் சந்தேகப்படுங்கள். நெம்புகம்பியைக் கண்ணுக்கும் ஷாக்கிளுக்கும் நடுவே கொடுத்து அசைத்தால் ஆட்டம் தெரிந்துவிடும். புஷ் மட்டும் போயிருந்தால் செலவு பத்தில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கலாம்.

பட்டறைகளில் இரண்டு யோசனைகள் சொல்வார்கள். ஒன்று, பழைய பட்டைகளுக்கே வளைவு ஏற்றித் தருவது. ஸ்பிரிங் பட்டறையில், சூடாக்கிய பின் முறையாக எண்ணெயில் நனைத்துப் பதம் ஏற்றத் தெரிந்தவர் செய்தால் அது நல்ல வேலை. கேஸ் டார்ச்சால் சிவக்கக் காய்ச்சி, சுத்தியலால் தட்டி, அப்படியே ஆறவிட்டுத் தந்தால் எஃகின் பதம் போய்விடும். சீக்கிரமே வண்டி மறுபடி உட்காரும். இரண்டாவது யோசனை, கூடுதலாக ஒரு பட்டை சொருகுவது. டாக்சி ஓட்டியவர்கள் அப்படிச் செய்தார்கள், அவர்களுக்கு அது தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்கு அது வேண்டாம். இடுப்பு எலும்பைத் தட்டும் சவாரியும், ஏற்கெனவே துருப்பிடித்த பாடிக்குக் கூடுதல் அடியும்தான் மிச்சம். ஒடிந்த பட்டையை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

பட்டைக் கட்டு இரண்டு. ஒரு பக்கம்தான் ஒடிந்திருக்கிறது என்று ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும். கட்டோடு சேர்த்து முன் கண் புஷ்கள், ஷாக்கிள் புஷ்கள், ஷாக்கிள் தகடும் அதன் பின்னும் (pin), ஆக்சிலையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் நான்கு யூ போல்ட், அவற்றுக்கு நட்டும் வாஷரும், ஆக்சிலுக்கும் பட்டைக்கும் இடையில் வரும் ரப்பர் மெத்தைகள். யூ போல்ட்டைப் பழசையே போடலாமே என்று தோன்றும். ஒருமுறை முழு இறுக்கத்தில் வருடக்கணக்காக நின்ற யூ போல்ட்டின் மரை இழுபட்டிருக்கும். புதிது வாங்குங்கள், மொத்தச் செலவில் அது சில்லறை.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் தெரிந்த இடங்கள்தான். எங்கே வாங்கினாலும் ஒரு நூலில் பழைய கட்டின் அளவைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள்: கண்ணுக்குக் கண் நீளம், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டிலிருந்து முன் கண் வரை, நடு போல்ட்டிலிருந்து பின் கண் வரை, பட்டையின் அகலம், எத்தனை பட்டை. 'அம்பாசிடர் பட்டை' என்று பொதுவாகக் கேட்டால் டீசல் வண்டிக்கான கனமான கட்டோ, முன் உரிமையாளர் மாற்றியமைத்த வேறேதோ அளவோ கைக்கு வரக்கூடும். புஷ் ஏற்கெனவே ஏற்றப்பட்ட கட்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். இல்லையென்றால் கடைக்குப் பக்கத்திலேயே ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கும் பட்டறையில் முன் கண் புஷ்ஷை ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். வீட்டில் சுத்தியலால் அடித்து ஏற்றினால் இரும்புக் குழல் கோணும்.

ஸ்பேனர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த வண்டியின் அடிப்பக்கத்து போல்ட்கள் இஞ்ச் அளவில் வந்தவை. பிந்தைய வண்டிகளிலும், பல கை மாறிய வண்டிகளிலும் மில்லிமீட்டர் அளவும் கலந்திருக்கும். கிட்டத்தட்ட உட்காருகிற மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு உன்னினால் நட்டின் முனைகள் உருண்டுபோகும். துருப்பிடித்த நட்டில் அது நடந்தால் அரைநாள் வேலை கூடிவிடும். ஆறுமுக ரிங் ஸ்பேனரும் நீளக் கைப்பிடியும்தான் சரி.

ஜாக்கி இரண்டு வேண்டும், அவற்றில் ஒன்று சக்கரம் வைத்த டிராலி ஜாக்கியாக இருந்தால் வேலை எளிது. ஸ்டாண்டு நான்கு இருந்தால் உத்தமம், குறைந்தது இரண்டு கட்டாயம். டிக்கியில் கிடக்கும் ஜாக்கி பஞ்சருக்காக வந்தது. அதை நம்பி அடியில் படுக்காதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. அவை விரிசல் விட்டு முன்னறிவிப்புத் தந்து உடைவதில்லை.

வண்டியைத் தூக்குதல்

வேலைக்கு மூன்று நான்கு நாள் முன்பே தொடங்குங்கள். எல்லா நட்டுகளின் மரையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் விட்டுவாருங்கள். கையோடு ஷாக்கிளும் பிரேக் குழாயும் இருக்கும் நிலையைக் கைப்பேசியில் நாலைந்து கோணத்தில் படம் எடுத்துவையுங்கள்.

தரை சிமென்ட்டாக, சமமாக இருக்க வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இது சம்பிரதாயம் இல்லை. அம்பாசிடரின் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. கியரில் போட்டாலும் பிடிபடுவது பின்சக்கரம்தான். பின்பக்கத்தைத் தூக்கிய கணமே இரண்டும் பயனற்றுப் போகின்றன. அப்போது வண்டியை நிறுத்தியிருப்பது முன்சக்கரக் கட்டைகள் மட்டுமே.

பின்சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்துங்கள். டிராலி ஜாக்கியை, பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டைக்கு அடியில், மரக்கட்டை இடையில் வைத்து, மெதுவாகத் தூக்குங்கள். ஸ்டாண்டுகள் பாடிக்கு அடியில், பட்டையின் முன் கண் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால் வர வேண்டும். இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் எலும்புக்கூடு. ஸ்டாண்டின் தலை மெல்லிய தரைத்தகட்டில் பட்டால் அப்படியே உள்ளே குத்திக்கொண்டு போய்விடும். பெட்டி வடிவில் மடித்த கனமான இரும்பைத் தேடி, அதன் மேல் தடித்த மரத்துண்டோடு நிறுத்துங்கள். பாரம் ஸ்டாண்டில் இறங்கியதும் வண்டியைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பாருங்கள். ஆடுகிறதென்றால் மறுபடி இறக்கி மறுபடி நிறுத்துங்கள். ஆடாத பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள். கழற்றிய சக்கரத்தையும் பாடிக்கு அடியில் படுக்கப்போட்டு வையுங்கள்.

இப்போது ஆக்சில் ஜாக்கியின் மேல் இருக்கிறது, பாடி ஸ்டாண்டின் மேல் இருக்கிறது. ஜாக்கியை அணு அணுவாக இறக்கி, பட்டை பாரமும் தாங்காமல், ஆக்சிலையும் தொங்கவிடாமல் சும்மா இருக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஷாக்கிளைக் கையால் அசைத்தால் லேசாக இளகும், அதுதான் அடையாளம். ஆக்சிலை முழுதாகத் தொங்கவிட்டால் அதன் எடை பிரேக் ஹோஸில் இறங்கும். ரப்பர் ஹோஸ் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே கிழிந்திருக்கும், பிறகு பிரேக்கில் பழி வாங்கும். இன்னொரு ஜாக்கியை நீங்கள் வேலை செய்யும் பக்கத்து ஆக்சில் குழாய்க்கு அடியில், பட்டைக்குச் சற்று உட்புறமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கப் பட்டைதான் ஆக்சிலைத் தன் இடத்தில் வைத்திருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஆக்சில் ஜாக்கியின் மேல் உருளும். அதைத் திரும்பப் பொருத்தும் வேலையை எதிரிக்கும் விரும்பமாட்டீர்கள்.

கழற்றுதல்

முதலில் ஷாக் அப்சார்பரின் கீழ் இணைப்பு. பழைய வண்டிகளில் கை நீட்டிய லீவர் வகை இருக்கும், பிந்தையவற்றில் குழாய் வகை. எதுவானாலும் கீழ் நட்டைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவையுங்கள். அடுத்து யூ போல்ட் நட்டுகள். துருவேறி அசையவே மறுத்தால் நேரத்தை வீணாக்காமல் நட்டை அறுத்துவிடுங்கள், எப்படியும் புதிது போடத்தானே போகிறோம். அடித்தகடு இறங்கியதும் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வடிவத் துண்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் தடித்த பக்கம் எந்தத் திசையில் இருந்தது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால், எஞ்சின் விசையைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி, வேகத்தில் வண்டி அதிரும்.

ஷாக்கிள் பெரும்பாலும் மரியாதையாகவே கழன்றுவிடும். மல்லுக்கு நிற்பது முன் கண் போல்ட். நட்டு கழன்றுவிடும், போல்ட் தலை சுற்றவும் செய்யும், ஆனால் வெளியே வராது. புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு போல்ட் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சுற்றும்போது குழலும் சேர்ந்து ரப்பருக்குள் சுற்றுகிறது. தலையைச் சுற்றிக்கொண்டே, மறுமுனையில் பித்தளைத் தண்டு வைத்துத் தட்டுங்கள். மரையில் நேராக அடித்தால் முனை விரிந்து, வர இருந்த போல்ட்டும் வராது. எதற்கும் மசியாவிட்டால் கண்ணுக்கும் தாங்கு தகட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஹாக்ஸா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுப்பதுதான் வழி. மெல்லக் கடக்கும் வேலை, ஆனால் எதையும் கெடுக்காது. தீ வைத்துச் சூடாக்கலாம் என்று பக்கத்து வீட்டு நண்பர் சொல்வார். பெட்ரோல் டாங்க் பின்பக்கத்தில் இருக்கிறது, எரியும் ரப்பரின் புகை கண்ணைப் பிடுங்கும். அந்த யோசனையைத் தேநீரோடு முடித்துவிடுங்கள்.

கட்டு கனமானது. கடைசி போல்ட் வரும்போது கூட இருப்பவர் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இறங்கிய கட்டின் நடு போல்ட்டையும் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகளையும் பிரிக்காதீர்கள். தளர்ந்த கட்டிலும் விசை மிச்சம் இருக்கும். நடு போல்ட் விடுபட்டதும் பட்டைகள் விரிந்து கையில் அடிக்கும்.

இப்போதுதான் இந்த வேலையின் மிக முக்கியமான ஐந்து நிமிடம். முன் கண் நின்றிருந்த தாங்கு தகட்டையும் ஷாக்கிள் நிற்கும் இடத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள், சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இரும்பு 'பொத்' என்று கேட்கும், பொருக்கு உதிரும், முனை உள்ளே இறங்கும். பெயின்ட்டும் அண்டர்கோட்டும் அடித்து மூடிய இடங்களில் கூடுதல் சந்தேகம் வையுங்கள். ஓட்டை இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு நல்ல வெல்டரைத் தேடுங்கள். பலமான புதுப் பட்டையை மட்கிய இரும்பில் மாட்டினால், அடுத்த பெரிய பள்ளத்தில் பட்டை தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வரும்.

புதியதைப் பொருத்துதல்

பழைய கட்டையும் புதிய கட்டையும் அருகருகே தரையில் வைத்து ஒப்பிடுங்கள். புதியதில் வளைவு கூடுதலாக இருப்பது இயல்பு. நீளமும் நடு போல்ட்டின் இடமும்தான் ஒத்துப்போக வேண்டும். எந்தக் கண் முன்பக்கம் என்பதைச் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். படுத்துக்கொண்டு பார்க்கும்போது முன்னும் பின்னும் குழம்பும்.

பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் பூசலாம். ரப்பர் புஷ்களுக்கு மட்டும் சாதாரண கிரீஸோ எஞ்சின் ஆயிலோ வேண்டாம்; ரப்பர் ஊறி, உப்பி, பிய்ந்துபோகும். சோப்புத் தண்ணீர் போதும். போல்ட்களின் உடம்பில், புஷ்ஷின் இரும்புக் குழலுக்குள் போகும் பகுதியில், மெல்லிய கிரீஸ் பூசுங்கள். அடுத்தமுறை கழற்றப்போகிறவர் உங்களை வாழ்த்துவார்.

முன் கண்ணை முதலில் ஏற்றுங்கள். போல்ட்டைத் தள்ளி, நட்டைக் கையால் திருகும் அளவோடு விடுங்கள். பிறகு பின்பக்கத்தைத் தூக்கி ஷாக்கிளில் மாட்டுங்கள், அதையும் கையிறுக்கத்தோடு விடுங்கள். இதுவரை ஸ்பேனர் தேவைப்படக் கூடாது. புதுக் கட்டின் கூடுதல் வளைவால் பின் கண் ஷாக்கிளுக்கு எட்டாமல் அரை விரல் முன்னால் நின்றால் பதற வேண்டாம். ஷாக்கிளை முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் சந்தித்துவிடும்.

மெத்தைகளை அவற்றின் இடத்தில் வைத்து, ஜாக்கியால் ஆக்சிலை ஏற்றியோ இறக்கியோ, நடு போல்ட்டின் தலை ஆக்சில் பீடத்திலுள்ள துளையில் போய் உட்காரச் செய்யுங்கள். விரலை விட்டுத் தடவிப் பார்க்க ஆசை வரும். டார்ச்சால் பார்த்தால் போதும். தலை துளையில் இறங்காமல் விளிம்பில் நிற்கும்போது யூ போல்ட்டை இறுக்கினால், ஆக்சில் கோணலாக நிற்கும், வண்டி நண்டு நடை நடக்கும். யூ போல்ட்களைப் போடும்போது பிரேக் குழாயும் ஹேண்ட் பிரேக் கேபிளும் அடியில் சிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நான்கு நட்டையும் குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து இறுக்குங்கள். நான்கு கால்களிலும் நட்டுக்கு வெளியே தெரியும் மரை ஒரே அளவாக இருந்தால் தகடு நேராக உட்கார்ந்திருக்கிறது. இறுக்கத்தின் அளவை உங்கள் மாடலுக்கான சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து, டார்க் ஸ்பேனரால் முடியுங்கள்.

மறுபக்கமும் இப்படியே.

கண்களை இறுக்கும் நேரம்

புதிதாகச் செய்பவர்கள் வேலையைக் கெடுப்பது இங்கேதான். வண்டி தூக்கிய நிலையிலேயே முன் கண்ணையும் ஷாக்கிளையும் முழுதாக இறுக்கிவிட்டு, சக்கரத்தை மாட்டி இறக்கிவிடுகிறார்கள். இந்த ரப்பர் புஷ், தாங்கியில் சுழலும் தண்டு போல வேலை செய்வதில்லை. அதன் உள்பக்கம் போல்ட்டோடும் வெளிப்பக்கம் பட்டையோடும் கவ்வி நிற்கிறது. பட்டை அசையும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. பட்டை தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதுமே ரப்பர் ஒரு பக்கமாக முறுகிவிடும். நிற்கும்போதே முறுகியிருக்கும் ரப்பர், பள்ளத்தில் மேலும் முறுகிக் கிழிகிறது. சில மாதத்தில் அதே 'டொக்' திரும்ப வரும். புதுப் பட்டையே மோசம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

ஆகவே வண்டியின் முழு எடையும் பட்டையில் இறங்கிய பிறகுதான் கண்களை இறுக்க வேண்டும். சக்கரத்தை மாட்டித் தரையில் இறக்கினால் அடியில் கை போக இடம் இருக்காது. அதற்கு எளிய வழி, ஜாக்கியால் ஆக்சிலைத் தூக்கி, ஸ்டாண்டுகளைப் பாடியிலிருந்து எடுத்து ஆக்சில் குழாய்களுக்கு அடியில், இரு ஓரங்களிலும் வைத்து இறக்குவது. இப்போது வண்டி தரையில் நிற்பதுபோலவே பட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அடியில் இடமும் இருக்கிறது. கூட இருப்பவரை டிக்கியை இரண்டு மூன்று முறை அமுக்கச் சொல்லி, பட்டை தன் நிலைக்கு வரட்டும். அவர் அமுக்கும்போது நீங்கள் வெளியே இருங்கள். அதன் பிறகு முன் கண் போல்ட்டையும் ஷாக்கிள் நட்டுகளையும் இறுக்குங்கள், யூ போல்ட்களையும் ஒருமுறை சரிபாருங்கள். ஷாக் அப்சார்பர் இணைப்பையும் மாட்டுங்கள். ஷாக்கிள் சாய்ந்து நின்று பாடியில் எங்கும் முட்டாமல் இருக்கிறதா என்று, முதலில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாலையில்

வெளியே எடுக்கும் முன் பிரேக் பெடலை நாலைந்து முறை மிதித்து, ஹோஸ் எங்கும் உரசவில்லை, கசிவு இல்லை என்று பாருங்கள். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். முதல் ஓட்டம் தெருமுனை வரை போதும். திரும்பி வந்து எல்லா நட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த ஓட்டம்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்களை மறுபடி இறுக்க வேண்டும். புது மெத்தையும் புதுப் பெயின்ட்டும் அமுங்கி, நட்டு கட்டாயம் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கும். ஐந்நூறு கிலோமீட்டரில் இன்னொரு முறை. தளர்ந்த யூ போல்ட்டோடு ஓட்டினால் ஆக்சில் பட்டையின் மேல் நகர்ந்து நடு போல்ட்டை வெட்டிவிடும்.

தொடக்கத்தில் வண்டியின் பின்பக்கம் வழக்கத்தைவிடத் தூக்கலாகத் தெரியும். சில வாரம் பாரம் ஏற்றி ஓட்டியதும் பட்டை பழகித் தன் உயரத்துக்கு இறங்கும். பின்பக்கம் உயர்ந்ததால் ஹெட்லைட் வெளிச்சம் சாலையில் கிட்டத்தில் விழும். உயரம் நிலைக்கு வந்த பிறகு ஓர் இரவில் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி அதையும் திருத்திக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே திருத்தினால் மறுபடி ஒருமுறை திருத்த வேண்டிவரும்.